‘தங்கியிருந்தேன்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 68. என் கணவர் இறந்து ஏழு வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒருவரோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தேன். 17 வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். பதிவுத் திருமணம் செய்துகொள்ளவில்லை. செய்தால் என் கணவர் வழியாக வரும் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். அவருடைய பிள்ளைகளும் அதை விரும்பவில்லை. வீடு அவர் பெயரில் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு முன் அவர் இறந்துவிட்டார். உயில் எழுதியதாகத் தெரியவில்லை. போன வாரம் அவர் மகள் ஒரு தாள் கொண்டுவந்தாள். “மேற்படியாரைக் கவனித்துக்கொள்வதற்காக இந்த வீட்டில் தங்கியிருந்தேன். அதற்குரிய தொகையை முழுவதும் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அதில் இருக்கிறது. மாத முடிவுக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். அவள் கெட்டவள் இல்லை. எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை. மாடிக்குக் கூரை போட்டது என் சேமிப்பில்தான், ஆனால் அதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. அவருடைய செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. மருந்து நேரம் எழுதிவைத்த நோட்டைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிடலாமா? எனக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள அம்மா,

போடாதீர்கள். ஒரு வழக்கறிஞர் அந்தத் தாளைப் படித்துப் பார்க்கும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். மகள் மறுபடி கேட்டால், “படித்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறேன்மா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்படிச் சொல்வது சண்டை ஆகாது.

17 வருஷம் கூட இருந்தவரை இழந்து ஆறே வாரம்தான் ஆகிறது. இழவு விசாரிக்க வந்தவர்களில் எத்தனை பேர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களைப் போன்றவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் அந்தக் குறையைத்தான் முதலில் சொல்வார்கள், வீட்டுப் பேச்சு அப்புறம்தான் வரும். அழக்கூட உரிமை இல்லாதவள் மாதிரி ஓரத்தில் நின்றேன் என்று ஓர் அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மனநிலையில் இருக்கும்போதுதான் இப்படி ஒரு தாள் வருகிறது. “போனால் போகட்டும், மானத்தோடு வெளியே போய்விடுவோம்” என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த முடிவு உங்கள் மீதி வாழ்க்கை முழுவதையும் கட்டிப்போடும். அதற்கு ஆறு வாரம் போதாது.

அந்தத் தாளில் உள்ள மூன்று வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

“கவனித்துக்கொள்வதற்காக.” இந்த ஒரு சொல் உங்களைத் துணை என்ற இடத்திலிருந்து இறக்கி, வேலைக்கு இருந்தவர் என்ற இடத்தில் உட்கார வைக்கிறது. மகள் இதைத் தெரிந்தே செய்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் எழுதிக் கொடுத்தவருக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும். பார்த்துக்கொள்ள இருந்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும் வீட்டின் மேல் அவருக்கு எந்த உரிமையும் வராது என்பது சட்டத்தில் ஊறிப்போன கருத்து. இந்திய உச்ச நீதிமன்றம் 2012இல், வீட்டைப் பார்த்துக்கொள்பவர், காவலாளி, வேலையாள் ஆகியோரைப் பற்றி இதை வெளிப்படையாகவே சொன்னது. உங்களை அந்த வரிசையில் நிற்க வைத்துவிட்டால் உங்கள் மற்ற வாதங்கள் எல்லாம் அங்கேயே பலமிழந்துவிடும்.

“தங்கியிருந்தேன்.” வாழ்ந்த இடத்தை யாரும் தங்கிய இடம் என்று சொல்வதில்லை. தங்குவது விருந்தாளியும் வாடகைக்கு வந்தவரும்.

“முழுவதும் பெற்றுக்கொண்டேன்.” நீங்கள் பணம் எதுவும் வாங்கியதாகக் கடிதத்தில் இல்லை. வாங்காத பணத்தை வாங்கினேன் என்று எழுதிக்கொடுத்தால், கூரைக்குப் போட்ட பணத்தைப் பின்னால் கேட்க வாயே திறக்க முடியாது.

ஆக, அந்தத் தாள் வீட்டைக் காலி செய்யச் சொல்வதோடு நிற்கவில்லை. 17 வருஷத்துக்கு வேறு பெயர் வைத்து, அதில் உங்களையே கையெழுத்துப் போடச் சொல்கிறது. வீட்டைவிட்டுப் போவது என்று நீங்களே பின்னால் முடிவு செய்தாலும், இந்த வாசகத்தில் மட்டும் போடக் கூடாது.

சரி, உரிமை இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, பதில் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் உங்களைப் போல வாழ்ந்தவர்களைப் பற்றிச் சட்டம் இப்போதுதான் யோசிக்கிறது என்று நினைக்காதீர்கள். 1881இல் இலங்கையிலிருந்து, அன்று பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போன ஒரு தமிழ்க் குடும்பத்து வழக்கில், ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தது நிரூபணமானால், அது முறையான திருமணத்தின் பேரில் நடந்த வாழ்க்கை என்றே சட்டம் அனுமானிக்கும், இல்லை என்று சொல்பவர்தான் அதைத் தெளிவாக நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இந்திய நீதிமன்றங்கள் அந்தக் கருத்தை இன்றுவரை பின்பற்றுகின்றன. 1978இல் ஏறத்தாழ 50 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள் விஷயத்திலும், 2015இல் சுமார் 20 ஆண்டு ஒருவரோடு வாழ்ந்த பெண் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் அதே அனுமானத்தைச் செய்தது. அது நிலைத்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு, விதவை என்ற முறையில் பிள்ளைகளோடு சமமான ஒரு பங்கு கிடைக்கும். அந்த அனுமானம் இல்லாவிட்டால் 1956ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் துணைக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில் நின்று ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள்கூட இதைக் கவனிக்க மாட்டார்கள். நீங்கள் இத்தனை வருஷம் விதவை என்ற முறையில் ஓய்வூதியம் வாங்கியிருக்கிறீர்கள். இப்போது நீதிமன்றத்தில் “நான் இவருடைய மனைவி” என்று பிரமாணப் பத்திரம் போட்டால், அதே தாளை எதிர்த்தரப்பு எடுத்து, அப்படியானால் ஓய்வூதியம் வாங்கியது எப்படி என்று கேட்கும். வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்கும் நிலைகூட வரலாம். சில நாடுகளில் மறுமணம் வரை போக வேண்டாம், சேர்ந்து வாழ்ந்தாலே அந்த ஓய்வூதியம் நின்றுவிடும். அதனால் ஆவேசத்தில் எங்கேயும் ‘மனைவி’ என்றும் எழுதாதீர்கள், பயத்தில் ‘பார்த்துக்கொள்ள இருந்தவள்’ என்றும் எழுதாதீர்கள். வழக்கறிஞரிடம் முதல் நாளே ஓய்வூதிய விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் அதை வைத்துத்தான் எந்த வழியில் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஏனென்றால் மனைவி என்று நிரூபிக்காமலே கேட்கக்கூடிய வழிகளும் பல இடங்களில் இருக்கின்றன. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ‘திருமணத்தின் தன்மையிலான உறவு’ என்பதை ஏற்று, அப்படி வாழ்ந்த பெண்ணைப் பகிர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து சட்டப்படி அன்றி வெளியேற்றக் கூடாது என்கிறது. துணை இறந்த பிறகு பிள்ளைகளுக்கு எதிராக அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது வழக்கின் விவரங்களைப் பொறுத்தது. இங்கிலாந்தில் சேர்ந்து வாழ்ந்ததால் மட்டும் வாரிசாக முடியாது. பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலே சட்டப்படி கணவன் மனைவி என்று ஊரே நம்புகிற ‘பொதுச்சட்டக் கல்யாணம்’ என்ற ஒன்று அங்கே கிடையாது. ஆனால் இறப்புக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு கணவன் மனைவி போல ஒரே வீட்டில் இருந்திருந்தால், 1975ஆம் ஆண்டின் சட்டப்படி சொத்திலிருந்து நியாயமான ஏற்பாடு கேட்கலாம். அயர்லாந்தில் 2010ஆம் ஆண்டின் சட்டம், பிள்ளை இல்லாத இணைகளுக்கு ஐந்து ஆண்டு என்கிறது. கனடாவிலேயே மாகாணத்துக்கு மாகாணம் வித்தியாசம்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்த துணை உயில் இல்லாவிட்டாலும் வாரிசு, ஒன்டாரியோவில் அப்படி இல்லை. அங்கே அவரைச் சார்ந்து வாழ்ந்தவர் என்ற முறையில் பராமரிப்புதான் கேட்க முடியும்.

இதில் பலரும் கோட்டைவிடுவது காலக்கெடுவை. இங்கிலாந்தில், சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம்தான். ஒன்டாரியோவிலும் ஆறு மாதம்தான். அதற்குப் பிறகு நீதிமன்றத்தின் அனுமதியைக் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். துக்கம் கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆறு மாதம் போனதே தெரியாது. வழக்குப் போடுவதா என்று இப்போதே முடிவு செய்யச் சொல்லவில்லை. கடைசி நாள் எது என்று மட்டும் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடு அவருடைய சொந்த வீடு. வாடகை வீட்டில் இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சொந்த வீட்டைவிட வாடகை வீட்டு விஷயத்தில் பல நாடுகளின் சட்டம் இளகிய மனத்தோடு இருக்கிறது. ஜெர்மனியில் இறந்தவரோடு நிலையாக ஒரே குடும்பமாக வாழ்ந்தவர் அந்த வாடகை ஒப்பந்தத்துக்குள் தானாகவே வந்துவிடுவார். பிரான்சில் எல்லோரும் அறிய ஓராண்டாவது சேர்ந்து வாழ்ந்திருந்தால் வாடகை உரிமை துணைக்கு மாறும். நியூயார்க்கில் மிகேல் பிராஸ்கி என்பவர் தன் துணைவரோடு பத்தாண்டுக்கு மேல் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். ஒப்பந்தம் துணைவர் பெயரில் மட்டும் இருந்தது. அவர் 1986இல் இறந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1989இல் பிராஸ்கி பக்கம் தீர்ப்புச் சொன்னது. வாடகைக் கட்டுப்பாட்டு விதியில் உள்ள ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குச் சான்றிதழை மட்டும் பார்க்கக் கூடாது, அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்றது.

எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எதை வைத்துக் காட்டுவது? அம்மா, தூக்கிப் போட மனசு வரவில்லை என்று எழுதினீர்களே, அந்த நோட்டு. அதைத் தூக்கிப் போடாதீர்கள். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவரும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. ஒரு பக்கத்தில் அந்த அம்மாவின் எழுத்தில் ‘காலை 7, பிபி மாத்திரை’ என்று இருக்கும். அடியில் அவருடைய துணைவர் கோணலாக ‘போட்டாச்சு, நீ சாப்பிட்டியா’ என்று எழுதியிருப்பார். நடுவில் பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, அந்த அம்மாவின் கண் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள், அதை அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ள வந்தவரின் கண் பரிசோதனைக்கு யாரும் சிவப்பு வட்டம் போட மாட்டார்கள். பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தபோது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ‘பராமரிப்பாளர்’ என்ற வார்த்தையை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் இப்படிப்பட்ட உறவைக் கண்டறியப் பார்க்க வேண்டியவை என்று சொன்னவையும் இவைதான்: எத்தனை காலம், ஒரே வீடா, பணத்தை எப்படிப் பங்கிட்டார்கள், வீட்டு வேலையை யார் யார் செய்தார்கள், வெளியில் தங்களை எப்படிக் காட்டிக்கொண்டார்கள். அதனால் இரண்டு பேர் பெயரும் வந்த எந்தத் தாளையும் எடுத்து வையுங்கள். மருத்துவமனைப் படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள். சேர்ந்து போன பயணச் சீட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வந்த கல்யாணப் பத்திரிகை, அந்த முகவரியில் உங்கள் பெயருக்கு வந்த வங்கிக் கடிதம், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தது எல்லாம் உதவும். அவருடைய போனில் உள்ள செய்திகளையும் உங்கள் போனில் உள்ளவற்றையும் இப்போதே படமெடுத்து வையுங்கள். போன் கைமாறிவிட்டால் திரும்ப வராது.

கூரைக்குப் போட்ட பணத்தைப் பற்றி வெட்கம் என்கிறீர்கள். பணத்தை விட்டுவிடலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் அந்தச் சான்றை விடாதீர்கள். வங்கியிலிருந்து எடுத்த தேதி, மேஸ்திரி கொடுத்த ரசீது எது கிடைத்தாலும் சரி. அந்தச் செலவு உங்களுக்கு இரண்டு விதத்தில் உதவும். ஒன்று, பல நாடுகளில் அடுத்தவர் பெயரில் உள்ள வீட்டுக்குப் பணம் போட்டவர் அதன் அளவுக்குக் கேட்க வழி இருக்கிறது. இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது: வேலைக்கு இருந்தவர் முதலாளி வீட்டுக்குத் தன் சேமிப்பில் கூரை போட மாட்டார். அந்த ஒரு ரசீது அந்தத் தாளின் முதல் வரிக்கு நேரடியான பதில்.

அன்றாட விஷயங்கள் சில இருக்கின்றன. அவருடைய வங்கி அட்டையை எடுத்து எதற்கும் பயன்படுத்தாதீர்கள், முன்பு நீங்கள்தான் எப்போதும் எடுப்பீர்கள் என்றாலும்கூட. இறந்த பிறகு எடுக்கும் பணம் உங்கள் மேல் குற்றச்சாட்டாகத் திரும்பும். மின்சாரக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்து கட்டுங்கள். உயில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வங்கிப் பெட்டகத்திலோ, பதிவு அலுவலகத்திலோ, அவர் வழக்கமாகப் போகும் வழக்கறிஞரிடமோ இருக்கலாம். வீட்டுச் சாமானில் எது உங்களுடையது என்று அறை அறையாகப் போட்டோ எடுங்கள்.

சாவி உங்களிடமே இருக்கட்டும். சில நாள் உறவினர் வீட்டுக்குப் போய் வரலாம் என்றால்கூட இப்போது வேண்டாம், அல்லது வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்ற பாதுகாப்பு பல நாடுகளில் இருக்கிறது, விதிவிலக்குகளும் உண்டு. எப்படி இருந்தாலும் உள்ளே இருப்பவர் காத்திருந்து பேசலாம். வெளியே போனவர்தான் வழக்குப் போட்டு உள்ளே வரப் பாடுபட வேண்டும். இந்தியாவில் சட்டவழி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் கேட்கலாம். ஆனால் அங்கேயும் எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, “அவர் பார்த்துக்கொள்ள இருந்தவர்” என்பதைத்தான். மறுபடி அந்தத் தாளுக்கே வந்து நிற்கிறோம், பாருங்கள்.

இப்போது மகளைப் பற்றி. அவள் கெட்டவள் இல்லை என்று நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். அப்பாவை இழந்திருக்கிறாள். வீட்டை விற்றுத் தீர்க்க வேண்டிய கடன்கூட இருக்கலாம். நீங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வீர்களோ என்ற பயம் அவளுக்கு இருந்தால், அந்தப் பயத்தைத் தீர்ப்பதுதான் உங்களுக்கும் நல்லது. என் அனுபவத்தில் இந்த மாதிரி விஷயங்கள் தீர்ப்பில் முடிவதைவிட ஒப்பந்தத்தில் முடிவதே அதிகம். வீடு பிள்ளைகளுக்கு, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கு என்று எழுதலாம். அது ஒத்துவராவிட்டால் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போவது, போகும்போது கூரைப் பணமும் புதிய வீட்டுக்கு முன்பணமும் கொடுப்பது என்று எழுதலாம். வீட்டின் உரிமை முழுதாக உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். காலமும், இருக்க ஓர் இடமும், மரியாதையான வாசகமும் கேட்டால், கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எது முடிவானாலும் எழுத்தில் வேண்டும். பத்திரமாகப் பதிய வேண்டியதா என்பதை வழக்கறிஞர் சொல்வார். அந்த எழுத்தில் உங்களைப் பற்றிய முதல் வரி, “இந்த வீட்டில் அவருடைய துணையாக 17 ஆண்டுகள் வாழ்ந்த” என்று தொடங்கும்படி கேளுங்கள். ஓய்வூதிய விஷயத்தை மனத்தில் வைத்து வழக்கறிஞர் அந்தச் சொல்லை மாற்றச் சொல்லலாம். மாற்றினாலும் ‘கவனித்துக்கொள்வதற்காக’ என்பது மட்டும் வரக் கூடாது.

இதைப் படிக்கும் இணைகளில் இரண்டு பேரும் உயிரோடு இருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிள்ளைகளிடம் கேட்கச் சங்கடம், ஓய்வூதியம் போய்விடும், இந்த வயதில் எதற்கு என்று பதிவைத் தள்ளிப்போட்டிருக்கலாம். அந்தக் காரணங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உயில் எழுதுவதால் ஓய்வூதியம் நிற்காது. வீடு பிள்ளைகளுக்கு, துணைக்கு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை என்று நான்கு வரி போதும். பல நாடுகளில் இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் துணையே சாட்சியாகக் கையெழுத்துப் போடக் கூடாது, பல நாடுகளில் சாட்சிக்கு எழுதிவைத்தது செல்லாமல் போகும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

அம்மா, நாளைக்குப் போன் செய்யவேண்டியது உங்கள் ஊரின் இலவச சட்ட உதவி மையத்துக்கு. மூத்த குடிமக்களுக்கென்று தனியாக உதவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். போகும்போது மகள் கொடுத்த தாளை எடுத்துப் போங்கள், அவர் இறந்த தேதியையும் ஓய்வூதிய விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து நோட்டின் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து, நகலை மட்டும் கொடுங்கள். அசல் நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும், செருப்பும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.